பெட்டியின் பின்புறம்

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை, செய்தி பார்த்துக்கொண்டிருந்த வேளையில், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் திரை திடீரென்று இருண்டுவிட்டது; ஆனால் செய்தி வாசித்த அம்மையாரின் குரல் மட்டும் எவ்விதத் தடையுமின்றி ஒலித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் வந்த மெக்கானிக், இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத இளைஞர், பெட்டியைத் திறக்க முற்படவில்லை. கூடத்து விளக்கை அணைத்தார். ஜன்னல் கதவைச் சாத்தினார். தம் பையிலிருந்து ஒரு சிறு டார்ச் விளக்கை எடுத்து, திரையோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "இங்க வந்து பாருங்க ஐயா" என்று அழைத்தார். குனிந்து பார்த்தேன். அந்த வெளிச்ச வட்டத்துக்குள்ளே ஒரு முகமும், புடவையின் கரையும், அடியில் வரிசையாக ஓடும் எழுத்துக்களும், மிகவும் மங்கலாக, ஆயினும் ஐயத்துக்குச் சிறிதும் இடமில்லாதபடி, அசைந்துகொண்டிருந்தன. "படம் இருக்கு, வெளிச்சந்தான் இல்ல. பேக்லைட் போயிருக்கு. பேனல் நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

படம் வேறு, வெளிச்சம் வேறு என்னும் இந்த உண்மையைப் பத்தாண்டுக் காலம் அந்தத் திரையின் எதிரே உட்கார்ந்திருந்தும் நான் அறிந்தவனல்லேன். சுவரில் தொங்கும் அந்தக் கண்ணாடிப் பலகை தானே ஒளிர்கிறது என்றும், ஒளிர்வதனாலேயே படம் தோன்றுகிறது என்றும் எண்ணியிருந்தேன். பெரும்பாலோர் அவ்வாறே எண்ணியிருப்பார்கள் என்று நம்புகிறேன். அந்த இளைஞர் பின்பு பெட்டியைத் திருப்பி, முதுகில் ஒட்டியிருந்த சீட்டிலுள்ள மாடல் நம்பரை, ஜாதகத்தின் தலைக்குறிப்பைப் படிக்கும் சோதிடரைப் போல ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்து, அது எந்த ஆண்டில் வெளிவந்த பெட்டி, எந்தத் தேசத்துக்கென்று செய்யப்பட்டது, எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பவற்றையெல்லாம் சொன்னார். சீட்டில் அந்த மாடலின் ஆண்டு எங்கும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. அவ்வளவையும் சொன்னவர், "ஆனா உள்ள என்ன பேனல்னு இந்த நம்பர் சொல்லாது ஐயா, ஒரே மாடல்ல ரெண்டு மூணு விதமா வரும். திறந்து பாத்தாத்தான் எந்த ஸ்ட்ரிப் வாங்கணும்னு தெரியும்" என்று முடித்து, பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டார். அவர் அந்த ஸ்ட்ரிப்பை, அதாவது விளக்குப் பட்டையை, வாங்கிவருவதற்குச் சென்ற இரண்டு நாட்களில் நான் படித்தறிந்தவையும், அவரிடமே கேட்டறிந்தவையுமே இக்கட்டுரையின் விஷயமாகும்.

சென்னையில் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய காலத்தையொட்டி நம் ஊர்களில் விற்பனையான பெட்டிகளை நாம் பெயர் சொல்லியே அழைத்தோம். சாலிடேர் என்றும் டயனோரா என்றும் சொன்னால் போதுமானதாக இருந்தது. எண்கள் அன்றும் இல்லாமல் இல்லை. அவற்றை அறியவேண்டிய அவசியம் வாங்குவோருக்கு ஏற்படவில்லை, அவ்வளவுதான். ஏனெனில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருந்தது ஒரே வகைப் பொருள்: பின்புறம் குறுகி முன்புறம் விரிந்த பெரிய கண்ணாடிக் குழல், அதாவது பிக்சர் டியூப். இன்றோ, வெளியே பார்த்தால் ஒன்றுக்கொன்று வேற்றுமை காணமுடியாத மெல்லிய கரும்பலகைகளுக்குப் பின்னே, தத்துவத்திலேயே வேறுபட்ட பல யந்திரங்கள் மறைந்திருக்கின்றன. முகம் ஒன்றாகிவிட்ட காரணத்தால் முதுகைப் படிக்க வேண்டியதாயிற்று.

உதாரணமாகச் சாம்சங் நிறுவனத்தார் நம் நாட்டில் விற்ற ஒரு பெட்டியின் எண்ணை எடுத்துக்கொள்வோம்: யு-ஏ-55-ஏ-யு-7700. முதலில் நிற்கும் யு, பின்னாலிருந்து எல்.இ.டி. விளக்குகளால் ஒளியூட்டப்படும் திரை என்பதைக் குறிக்கிறது. அந்த இடத்தில் முற்காலத்தில் எல் என்ற எழுத்து நின்றால் குழல் விளக்கால் ஒளியூட்டப்பட்ட எல்.சி.டி. திரை, பி நின்றால் பிளாஸ்மா, இக்காலத்தில் கியூ நின்றால் அந்நிறுவனத்தின் உயர்தர வரிசை. இரண்டாவது எழுத்தாகிய ஏ ஆசியாவைக் குறிக்கும். அமெரிக்கப் பெட்டிகளில் அங்கே என் நிற்கும், ஐரோப்பியப் பெட்டிகளில் இ நிற்கும். 55 என்பது திரையின் குறுக்களவு, அங்குலத்தில். அடுத்து வரும் ஏ, 2021-ஆம் ஆண்டின் அடையாளம். அதன்பின் வரும் யு, நான்காயிர வரிசைப் புள்ளி நுட்பத்தை, அதாவது 4கே என்று கடைகளில் வழங்குவதை, அறிவிப்பது. 7700 என்பது குடும்பத்துக்குள்ளே அதன் படிநிலை. கடைசியில் எக்ஸ்-எல் என்று முடிந்தால் அது இந்தியாவுக்கென்று அனுப்பப்பட்டது.

இந்த ஆண்டெழுத்துக்களின் வரிசை சற்றுக் கவனத்துக்குரியது. 2015-க்கு ஜே, அடுத்த ஆண்டுக்குக் கே, 2017-க்கு எம், 2018-க்கு என், அதன்பின் ஆர், 2020-க்கு டி என்று இடையிடையே சில எழுத்துக்களைத் தாண்டிக்கொண்டே வந்த வரிசை, 2021-இல் மறுபடியும் ஏ-யிலிருந்து தொடங்கி, பி, சி என்று செல்கிறது. 2008-ஆம் ஆண்டுக்கும் ஏ-தான் அடையாளம் ஆகையால், பழம்பெட்டிகளை விலைக்கு வாங்குவோர் அந்த ஓர் எழுத்தை மட்டும் நம்பினால் பதின்மூன்று ஆண்டுகள் பிழைபட நேரும். ஆனால் தலையெழுத்து எல்-ஆ யு-வா என்று பார்த்தால் அந்த மயக்கம் உடனே தீர்ந்துவிடும்.

சோனி நிறுவனத்தார் ஆண்டைக் கடைசியில் வைத்துவந்தார்கள். கே-டி-55-எக்ஸ்-80-ஜே என்றால், ஜே 2021-ஐக் குறிக்கும். முந்திய ஆண்டுக்கு எச், பிந்திய ஆண்டுக்குக் கே. நடுவிலுள்ள எக்ஸ் இருக்குமிடத்தில் ஏ இருக்குமாயின், அந்தப் பெட்டி முற்றிலும் வேறு ஜாதி, ஓ.எல்.இ.டி. திரையுடையது என்று அறியலாம். எல்.ஜி. நிறுவனத்தார் இந்த வேற்றுமையை எண்ணின் முகப்பிலேயே வெளிப்படையாக எழுதிவிடுகிறார்கள், அது பாராட்டத்தக்கது. அவர்களுடைய ஓ.எல்.இ.டி. பெட்டிகளில் சி-8 என்பது 2018-ஐச் சேர்ந்தது, சி-9 அதற்கு அடுத்த ஆண்டு. பத்துக்கு ஈரிலக்கம் வேண்டியிருந்தமையால், 2020-இல் ரோமானியர் பத்துக்கு எழுதும் எக்ஸ் என்ற குறியைப் பயன்படுத்திவிட்டு, அதற்கடுத்த ஆண்டு சி-1 என்று புதுக்கணக்குத் தொடங்கினார்கள்.

அங்குலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 55 அங்குலம் என்பது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் செல்லும் கோட்டின் நீளமேயன்றி அகலமன்று. சரியாகக் கணக்கிட்டால் அது 139.7 சென்டிமீட்டர். பதினாறுக்கு ஒன்பது என்ற விகிதத்தில் அமைந்த திரையானால் அதன் அகலம் ஏறக்குறைய 122 சென்டிமீட்டரும், உயரம் 68 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமும் ஆகும். சுவரில் இடம் அளக்கப் போகிறவர்கள் எண்ணில் உள்ள அங்குலத்தை அகலமென்று கொண்டு ஏமாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

இவ்வளவும் சொல்லும் எண், அந்த இளைஞர் குறிப்பிட்டவாறு, மிக முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஒளி எங்கே பிறக்கிறது, இருள் எவ்வாறு உண்டாக்கப்படுகிறது? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை பேனலுக்குள் இருக்கிறது. கடையில் எல்லோரும் பிரகாசத்தைப் பார்த்தே மயங்குகிறார்கள். பிரகாசம் உண்டாக்குவது எளிய காரியம், கறுப்பை உண்டாக்குவதுதான் அரிய காரியம் என்பது இத்துறையில் உழைத்தவர்கள் அனைவரும் கண்ட அநுபவம்.

எல்.சி.டி. திரையின் கதை 1888-ஆம் ஆண்டில், பிராக் நகரத்தில், ஒரு தாவர சாஸ்திரியின் மேஜைமேல் தொடங்குகிறது. பிரீட்ரிக் ரைனிட்சர் என்பவர் காரட் கிழங்கிலிருந்து கிடைத்த கொலஸ்டிரால் சம்பந்தமான ஒரு பொருளைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது, அது 145.5 பாகை உஷ்ணத்தில் உருகிப் பால்போலக் கலங்கிய திரவமாயிற்று; மேலும் சூடேற்ற, 178.5 பாகையில் திடீரென்று தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலை இருப்பது அக்காலத்து ரசாயன சாஸ்திரம் அறியாத விந்தை. அவர் அதனை ஆட்டோ லேமன் என்ற பௌதிக அறிஞருக்கு அனுப்பினார். லேமன் தம் நுண்நோக்காடியில் வைத்து ஆராய்ந்து, இது திரவம்போல ஓடுகிறது, ஆனால் ஸ்படிகம்போல ஒளியை நடத்துகிறது என்று கண்டு, திரவ ஸ்படிகம் என்ற கருத்தை நிலைநாட்டினார். அதே 1888-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் சர் சி. வி. இராமன் பிறந்தார் என்பதை இங்கே காரணமில்லாமல் நினைவுகூரவில்லை. அதற்குப் பின்னர் வருவேன்.

ஒளி என்பது ஓர் அதிர்வு. ஜன்னலின் நெடுங்கம்பிகளுக்கிடையே ஒரு சுளகை நிமிர்த்திப் பிடித்தால் உள்ளே நுழைத்துவிடலாம். படுக்க வைத்தால் நுழையாது. அதுபோல, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் தகடுகள் உண்டு. நெடுங்கம்பியுள்ள ஜன்னலுக்குப் பின்னே குறுக்குக்கம்பியுள்ள இன்னொரு ஜன்னலை வைத்தாற்போல, இத்தகைய இரண்டு தகடுகளைச் செங்குத்தாக மாற்றி வைத்தால் ஒளி அறவே கடவாது. ஆனால் இரண்டுக்கும் இடையே, கோபுரத்துச் சுருள்படியைப் போலப் படிப்படியாகத் திரும்பி நிற்கும் திரவ ஸ்படிக மூலக்கூறுகளை வைத்துவிட்டால், முதல் தகட்டைக் கடந்த ஒளி அந்தப் படிகளோடு தானும் திரும்பி, இரண்டாவது தகட்டையும் கடந்து வெளியே வந்துவிடுகிறது. மின்சாரத்தைச் செலுத்தினாலோ மூலக்கூறுகள் நிமிர்ந்து நின்றுவிட, சுருள்படி குலைந்து, வழி அடைபட்டுப் போகிறது. இவ்வமைப்பை 1970-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட், வுல்ஃப்கேங் ஹெல்ஃபிரிச் என்னும் இருவர் கண்டனர். அதற்கு முன்பே, 1968-இல், அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் வேறொரு முறையில் திரவ ஸ்படிகத் திரையைச் செய்து காட்டியிருந்தார். சாதாரண அறையின் உஷ்ணத்திலேயே கெடாமல் வேலை செய்யும் பொருளை இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்து ஜார்ஜ் கிரே உண்டாக்கித் தந்த பிறகுதான் இது வியாபாரத்துக்கு வந்தது.

ஆகவே எல்.சி.டி., அதாவது திரவ ஸ்படிகத் திரை, விளக்கன்று; அது கதவு. நான்காயிர வரிசைத் திரையில் 82,94,400 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வர்ணக் கண்ணாடிகளுக்கு மூன்று கதவுகள். இரண்டரைக் கோடிக்குச் சற்றுக் குறைந்த அந்தச் சூக்ஷ்மக் கதவுகள் ஒவ்வொரு விநாடியும் பலமுறை திறந்தும் மூடியும் படத்தை வரைகின்றன. பின்னாலிருக்கும் விளக்கு அணைந்துபோனாலும் அவை தம் கடமையைச் செய்துகொண்டேயிருக்கும். டார்ச் வெளிச்சத்தில் நான் கண்டது அதுவே.

இந்தக் கதவுகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நேரே நின்று பார்த்தால் ஒழுங்காகத் தோன்றிய படம், பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிறியோ நிறம் மாறியோ தோன்றிற்று. ஏனெனில் கோல் வடிவமான மூலக்கூறுகளைச் சாய்வாகக் கடக்கும் ஒளிக்கு அவை வேறு முகத்தைக் காட்டுகின்றன. திரவ ஸ்படிகம் ஆவதற்கு மூலக்கூறு கோல் வடிவாக இருந்தே தீரவேண்டும் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், 1977-ஆம் ஆண்டு, பெங்களூரிலுள்ள இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் என்னும் மூவர், தட்டு வடிவான மூலக்கூறுகளும் ஒன்றன்மேலொன்றாக நாணயங்களை அடுக்கியதுபோல நின்று திரவ ஸ்படிகமாகும் என்று கண்டு, 'பிரமாணா' என்ற இந்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். இந்தச் சந்திரசேகர் இராமனுடைய சகோதரியின் மைந்தர், நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரோ இராமனுடைய தமையனாரின் மைந்தர், இருவரும் வெவ்வேறானவர். 1990-களில் ஜப்பானியரான ஃபூஜி பிலிம் நிறுவனத்தார் இத்தட்டு மூலக்கூறுகளை ஒரு மெல்லிய படலமாகப் பூசி, கோல் மூலக்கூறுகள் விளைக்கும் பிழையை இவற்றின் எதிர்ப்பிழையால் நேர்செய்து, கணிப்பொறித் திரைகளைப் பக்கவாட்டிலிருந்தும் பார்க்கத்தக்கனவாக ஆக்கினார்கள். பயனைக் கருதாமல் ஒரு பதார்த்தத்தின் இயல்பை அறியவேண்டுமென்ற ஒரே நோக்கத்தோடு பெங்களூரில் நடந்த ஆராய்ச்சி, உலகமெங்கும் எத்தனையோ மேஜைகளின்மேல் வந்து அமர்ந்தது. இதை நம் பள்ளிப் பிள்ளைகள் அறியாதிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தொலைக்காட்சிப் பெட்டிகளில் இன்று வழங்கும் எல்.சி.டி. பேனல்கள் பெரும்பாலும் இருவகை. வி.ஏ. என்னும் வகையில், மின்சாரம் இல்லாதபோது மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நின்று வழியை நன்றாக அடைக்கின்றன. ஆதலால் கறுப்பு ஆழமாக இருக்கும். வெண்மைக்கும் கறுப்புக்கும் உள்ள பிரகாச விகிதம் மூவாயிரத்துக்கு ஒன்றும் அதற்கு மேலும் கிடைக்கும். ஐ.பி.எஸ். என்னும் வகையில் அவை கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே சுழல்கின்றன. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறுவதில்லை, ஆனால் விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே நிற்பதால், இருண்ட அறையில் கறுப்பு சாம்பல் நிறமாகத் தோன்றும். கூடத்தில் பாயிலும் நாற்காலியிலும் ஊஞ்சலிலுமாகப் பலர் பல கோணங்களில் அமர்ந்து பகலில் பார்க்கும் வீட்டுக்கு இரண்டாவது வகை ஏற்றது. விளக்கணைத்துவிட்டு ஓரிருவர் நேரெதிரே அமர்ந்து திரைப்படம் பார்க்கும் வீட்டுக்கு முதல் வகை. இவ்வளவு முக்கியமான இந்த வேற்றுமையைத்தான் மாடல் எண் சொல்வதில்லை. ஒரே தொடரைச் சேர்ந்த பெட்டிகளில்கூட 43 அங்குலத்தில் ஒரு வகையும் 55 அங்குலத்தில் மற்றொரு வகையும் அமைவதுண்டு. கடையில் நின்று பக்கவாட்டில் நான்கடி நகர்ந்து பார்ப்பதே இதற்குச் சோதனை.

எல்.இ.டி. டி.வி. என்ற பெயர் எல்.சி.டி.யிலிருந்து வேறான ஒரு திரையைக் குறிப்பதாகப் பலர் கருதுகிறார்கள். அப்படியன்று. கதவு அதே கதவுதான். பின்னால் இருந்த மெல்லிய குழல் விளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. என்னும் சிறு விளக்குகள் வந்தன, அவ்வளவே. வெள்ளொளி தரும் எல்.இ.டி.க்கு மூலமான நீல ஒளியை உண்டாக்கியதற்காக அகசாகி, அமானோ, நாகமூரா ஆகிய மூவருக்கு 2014-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவ்விளக்குகள் ஓரத்தில் மட்டும் இருக்கலாம். பின்புறம் முழுவதும் பரவியிருக்கலாம். பரவியிருந்து, படத்தில் இருண்ட பகுதிக்குப் பின்னாலுள்ளவை மட்டும் தனியே மங்குமாறும் அமைக்கலாம். மினி எல்.இ.டி. என்பது அந்த விளக்குகளை மிகச் சிறியனவாக்கி ஆயிரக்கணக்கில் பரப்பும் முறை. கியூ.எல்.இ.டி. என்பதும் இதே குடும்பந்தான். சில நானோமீட்டர் அளவேயுள்ள குவாண்டம் புள்ளிகளின் படலம் ஒன்று இடையே வைக்கப்பட்டு, நீல ஒளியைத் தூய பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருகிறது. புள்ளியின் பருமனே அதன் நிறத்தை நிர்ணயிக்கிறது. இந்தப் புள்ளிகளுக்காக 2023-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பிளாஸ்மா என்பது இக்கதவுகளின் இனமன்று. 1964-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், மாணவருக்குப் பாடம் கற்பிக்கும் ஒரு கணிப்பொறிக்காகப் பிறந்த அந்தத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நுண்ணிய வாயு விளக்கு. அதன் கறுப்பும் நிறமும் சிறந்தனவாயிருந்தும், மின்சாரச் செலவாலும் எடையாலும் 2014-ஆம் ஆண்டையொட்டிப் பெரிய நிறுவனங்கள் அதனைக் கைவிட்டன.

தானே ஒளிரும் திரை என்ற கனவை மீண்டும் நனவாக்கியது ஓ.எல்.இ.டி. கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் கரிமப் பொருளாலான மிக மெல்லிய படலங்களில் மின்சாரத்தைச் செலுத்தி ஒளி பெற்ற செய்தி 1987-இல் வெளிவந்தது. இருபதாண்டுகளுக்குப் பின் சோனி நிறுவனம் பதினோரங்குலப் பெட்டி ஒன்றைச் செய்தது, 2013-இல் எல்.ஜி. நிறுவனம் 55 அங்குலப் பெட்டியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இங்கே பின்விளக்கு கிடையாது, கதவும் கிடையாது. கறுப்பு வேண்டிய புள்ளி தன் ஒளியை முற்றிலும் அணைத்துக்கொள்கிறது. ரோமன் எழுத்தில் ஓ-வுக்கும் கியூ-வுக்கும் உள்ள வேற்றுமை அடியிலுள்ள ஒரு சிறு வால்தான். ஆனால் அந்த வாலைக் கவனியாமல் ஒன்றை மற்றொன்றென்று எண்ணி வாங்குவோர், விளக்கையும் கதவையும் ஒன்றென்று கொண்டவராவர். ஓ.எல்.இ.டி.க்கும் ஒரு குறையுண்டு: கரிமப் பொருள் எரிய எரியத் தேய்வதால், ஒரே உருவம் ஒரே இடத்தில் நாள்தோறும் பல மணி நேரம் நின்றால் அதன் நிழல் திரையில் நிலைத்துவிடக்கூடும். மூலையில் முத்திரையும் அடியில் செய்தி வரியும் காலைமுதல் இரவுவரை மாறாது நிற்கும் செய்தி அலைவரிசைகளையே பார்க்கும் வீட்டார் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூன்றாம் நாள் அந்த இளைஞர் திரும்ப வந்தார். கூடத்தில் பாயை விரித்து, அதன்மேல் போர்வையை விரித்து, பெட்டியைக் குப்புற வைத்துத் திறந்தார். கண்ணாடிப் பேனலைத் தனியே எடுக்கும்போது மட்டும் என்னையும் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அப்பளத்தைப்போல மெல்லிதான அது சற்று வளைந்தாலும் கீறிவிடுமாம். அதன் பின்னே ஒன்றன்பின் ஒன்றாக வெண்தாள்களைப் போன்ற படலங்கள். அவற்றுக்கும் பின்னே, வெள்ளைத் தகட்டில் வரிசை வரிசையாக, பொத்தான் போன்ற மூடிகளோடு சிறு விளக்குகள். "கோயில் கொடைக்குக் கட்டுற சீரியல் செட் மாதிரிதான் ஐயா, ஒண்ணு போனா வரிசையே போயிரும்" என்று சொல்லி, கருகியிருந்த ஒன்றைக் காட்டினார். இத்தனை நாளும் என் வீட்டில் ஒளியாயிருந்தது அந்தக் கையளவு பட்டைகள்தாம்.

புதிய பட்டைகளைப் பொருத்தி, எல்லாவற்றையும் இருந்தவாறே அடுக்கி, பின்மூடியை முடுக்கிய பிறகும் அவர் உடனே பெட்டியை நிமிர்த்தவில்லை. உள்ளே பேனலின் விளிம்பில் படித்து, தம் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்த நீண்ட எண்ணைப் பார்த்துப் பார்த்து, கம்பெனி ஒட்டிய சீட்டுக்கு நேர் கீழே, கறுப்பு மார்க்கர் பேனாவால், பிசகாமல் எழுதினார். "அடுத்து யார் திறந்தாலும் உதவும்" என்றார்.